பின்னாடி யாரோ கதவைத் தட்டுறாங்க!

"அண்ணா, நாங்க நாலு பேர், ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பழைய குவாலிஸ் வாங்கினோம். கெத்தா இருக்கணும்னு பின்னாடி பக்கத்துக்கு ஒரு பிளேட்டை உருவி, மிச்சத்தோட வளைவைத் தட்டிக் குறைச்சு, முன்னாடியும் அதுக்கேத்த மாதிரி இறக்கிட்டோம். மொத்தம் 2 இன்ச். வண்டி செமயா இருக்கு. ஆனா ஸ்பீடு பிரேக்கர் வந்தா பின்னாடி 'டங்'குனு சத்தம். ஷாக் அப்சார்பர் போயிடுச்சுனு சொன்னாங்க. 7,000 ரூபா போச்சு, சத்தம் போகல. இப்போ புஷ்ஷை மாத்தச் சொல்றாங்க. அடுத்த மாசம் எட்டு பேரா கொல்லிமலை போறோம். அதுக்குள்ள சத்தத்தை நிறுத்த ஒரு ஐடியா சொல்லுங்க. பின்குறிப்பு: ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை விடும்போது 'டக்'குனு ஒரு சின்ன சத்தம் வருது. அது பரவாயில்ல, பெருசா தெரியல."

நாமக்கல் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதம் இது. கையெழுத்து அழகா இருக்கு, வண்டி போட்டோவும் வெச்சிருக்காங்க. மக்களே, உண்மையைச் சொல்லணும்னா இந்த லெட்டர்ல நாம பயப்பட வேண்டிய இடம் 'டங்' இல்ல. பின்குறிப்புல போகிற போக்குல எழுதின அந்த 'டக்'! அதுக்கு அப்புறம் வருவோம். முதல்ல, இறக்கின வண்டி ஏன் இப்படிக் கத்துதுங்கிறதைப் பார்த்துடலாம்.

பன்றியும் சர்ச்சும்

யூட்டிலிட்டி வண்டிங்கிற ஐடியாவுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை சொல்வாங்க. ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியோட மனைவி, ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். 'ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை சந்தைக்குப் பன்றி ஏத்திட்டுப் போகவும் ஒரே வண்டியா செஞ்சு குடுங்க'ன்னு. அங்கே டிசைனரா இருந்த லூ பான்ட் வரைஞ்ச வண்டி 1934ல் கீலாங் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. 'யூட்'னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் செல்லமா கூப்பிடுறது அந்த ஜாதி வண்டியைத்தான்.

கதையைச் சொல்லக் காரணம் இருக்கு பாஸ். ஆளும் ஏறணும், மூட்டையும் ஏறணும்னா, வண்டி காலியா நிக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும். அது அசிங்கம் இல்ல, சேமிப்பு. எட்டு பேர் ஏறினதும் இறங்கறதுக்காக ஒதுக்கி வெச்ச இடம். நம்ம பசங்க 'லோ' பண்றேன்னு முதல்ல கை வைக்கிறது அந்தச் சேமிப்புலதான்!

ஒரு சின்னக் கணக்கு

பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பேர் பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் முழுசா அமுங்கினா இரும்பும் இரும்பும் முட்டாம இருக்க, கடைசிக் காவலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். உங்க வண்டியில அந்த இடைவெளி எவ்வளவுன்னு நீங்களே ஸ்கேல் வெச்சு அளக்கணும். இங்கே ஒரு பேச்சுக்கு 80 மி.மீ.னு வெச்சுக்கலாம். எட்டு பேர் ஏறினா வண்டி 50 மி.மீ. இறங்குதுன்னும் வெச்சுக்கலாம். மிச்சம் 30 மி.மீ. பள்ளம் மேடு எல்லாம் அந்த முப்பதுக்குள்ள சமாளிக்கணும்.

இப்போ 2 இன்ச் இறக்கியாச்சு. அதாவது 50 மி.மீ. காலியா நிக்கும்போதே மிச்சம் 30தான். அதோட முடிஞ்சுதா? இல்ல. ஒரே தடிமன் உள்ள அஞ்சு பிளேட் கட்டுல ஒண்ணை உருவினா, ஸ்பிரிங்கோட விறைப்பு சுமாரா அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுடும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் புரியுற மாதிரி சொன்னா... முன்னாடி 50 மி.மீ. இறங்கின அதே எட்டு பேருக்கு இப்போ 62 மி.மீ.க்கும் மேல இறங்கப் பார்க்கும். இருக்கிறதோ 30!

அதாவது, எட்டு பேர் ஏறின நிமிஷமே வண்டி ஸ்பிரிங் மேல நிக்கல, ரப்பர் கட்டை மேல நிக்குது. அப்புறம் ஸ்பீடு பிரேக்கர்ல 'டங்'குனு சொல்லாம 'வணக்கம்'னா சொல்லும்?

ஸ்பீடு பிரேக்கர்னதும் ஞாபகம் வருது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988லயே இதுக்கு அளவு போட்டு வெச்சிருக்கு. உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கி.மீ. வேகத்துல அலுங்காம தாண்டணும். 3.7 மீட்டர்னா கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரோட நீளம்! நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா முளைக்கிற பிரேக்கர் எல்லாம் அகலத்துல அரை மீட்டர்கூடத் தாண்டாது. சரிவே கிடையாது, நேரா முட்டு. அந்த மாதிரி ரோட்டுல இறக்கின வண்டி ஓட்டுறோம்ங்கிறதை மறந்துடக் கூடாது.

காசு எடுக்காதீங்க, காதைத் தீட்டுங்க!

சத்தம் வந்ததும் பார்ட்ஸ் கடைக்கு ஓடுறதுதான் நம்ம வழக்கம். ஷாக் மாத்து, போகலையா, புஷ் மாத்து, போகலையா, பிளேட் மாத்து. கடைசியில கரகாட்டக்காரன் படத்து கார் மாதிரி, வண்டியோட வரலாறுதான் மிச்சமாகும். டாக்டர் கூட வயித்து வலின்னா 'எங்கே, எப்போ, சாப்பிட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா'ன்னு கேட்டுட்டுத்தானே மாத்திரை எழுதுறார்? அதே கேள்விகளை வண்டிகிட்டயும் கேளுங்க.

முதல் வேலை, வண்டியைக் காலி பண்ணுங்க. ஜாக்கி, ஸ்பேனர் பை, தண்ணி கேன், கிரிக்கெட் கிட், ஸ்பீக்கர் பெட்டி, எல்லாம் வெளியே. ஸ்டெப்னி அடியில தொங்குற வண்டின்னா, அது அசையுதான்னு கையால ஆட்டிப் பாருங்க. கடைசி சீட்டு கொக்கி சரியா மாட்டியிருக்கான்னும் பாருங்க. 'சஸ்பென்ஷன் சத்தம்'னு வர்ற கேஸ்கள்ல சிலது இங்கேயே முடிஞ்சுடும். ஜாக்கி கொடுக்கிற 'டங்'குக்கும் ஆக்ஸில் கொடுக்கிற 'டங்'குக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

ரெண்டாவது, ஒரு நோட்டு எடுங்க. சத்தம் எப்போ வருதுன்னு எழுதுங்க. காலி வண்டியிலா, ஆள் ஏறினாலா? மெதுவா போகும்போதா, வேகமா போகும்போதா? மேட்டுல ஏறும்போதா, இறங்கும்போதா? நேர் ரோட்டுலயா, திருப்பத்துலயா? காலையில முதல் தடவையா, சூடானதுக்கு அப்புறமா? ஒருத்தர் ஓட்டட்டும், இன்னொருத்தர் பின்சீட்டுல உட்கார்ந்து கேட்கட்டும். செல்போன் ரெக்கார்டரை ஆன் பண்ணி பின்பக்கத் தரையில இடது ஓரம் ஒரு தடவை, வலது ஓரம் ஒரு தடவை வெச்சு ஒரே ரோட்டுல ஓட்டிப் பாருங்க. சேஸிஸ் முழு இரும்பு. வலது பக்கம் தட்டினா இடது பக்கம் கேட்கும். காதை மட்டும் நம்பி ஒரு பக்கத்தைப் பிரிச்சுடாதீங்க.

மூணாவது, கண்ணு. வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அடியில எட்டிப் பாருங்க. உரசுற இடம் எப்பவும் ஒரு சாட்சியை விட்டுட்டுத்தான் போகும். அழுக்குப் படிஞ்ச இரும்புல ஒரு இடம் மட்டும் பளபளன்னு இருந்தா, அங்கே ஏதோ முட்டுது. ரெண்டு இரும்பு சேர்ற இடத்துல செம்மண் கலர்ல தூள் கசிஞ்சிருந்தா, இறுக்கமா இருக்க வேண்டிய ஒண்ணு அசையுது. சைலன்சர் பைப்பையும் பாருங்க. ஆக்ஸிலுக்கு மேல வளைஞ்சு போற பைப், வண்டி இறங்கினதும் ஆக்ஸிலை முத்தம் கொடுக்க ஆரம்பிச்சிருக்கும்!

ஒரு விஷயம், கண்டிப்பான விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. குதிரை ஸ்டாண்ட் போட்டு, வண்டியை ஆட்டிப் பார்த்து, அசையலைன்னா மட்டும் போங்க. செங்கல் அடுக்கறது, ஹாலோ பிளாக் வைக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

சத்தத்தின் பாஷை

'கிரீச்... கிரீச்...' பழைய கயித்துக் கட்டில் மாதிரி. வண்டியை ஆட்டினாலே வருதா? ஒரு பாட்டில் தண்ணி எடுத்து பிளேட் கட்டு மேல ஊத்தி மறுபடி ஆட்டுங்க. சத்தம் நின்னா, பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் உரசல். நிக்கலைன்னா, ரெண்டு முனையிலும் இருக்கிற புஷ்லயும் ஷாக்கிள்லயும் ஒவ்வொண்ணா தண்ணி விட்டுப் பாருங்க. எங்கே நிக்குதோ அங்கேதான் கோளாறு. செலவு: ஒரு பாட்டில் தண்ணி. ரப்பர் புஷ்ல என்ஜின் ஆயில் மட்டும் ஊத்திடாதீங்க. அன்னிக்கு சத்தம் போகும், அப்புறம் ரப்பர் ஊதி, நைஞ்சு, மொத்தமும் போகும்.

'கடக் கடக்', சின்னக் குழியில, மெதுவா போகும்போது. பெரும்பாலும் ஷாக் அப்சார்பரோட மேல் கீழ் புஷ், இல்லைன்னா ஷாக்கிள் புஷ். நண்பர் பின் பம்பரை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்க பக்கவாட்டுல இருந்து ஒவ்வொரு புஷ் மேலயும் லேசா கை வைங்க. தட்டுற இடம் விரலுக்குத் தெரியும். விரல் இடுக்குல போகாம பார்த்துக்குங்க, பரீட்சை எழுதணும்!

'உம்ம்ம்'னு ஒரு ரீங்காரம், ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும். அது ஸ்பிரிங் சத்தமே இல்ல. வண்டி இறங்கினதும் கியர் பாக்ஸுலேர்ந்து கிரவுனுக்குப் போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறிடும். கிராஸ் ஜாயின்ட் அதைத் தாங்க முடியாம முனகும். கிரவுனைப் பிரிச்சு மேயுறதுக்கு முன்னாடி அந்தக் கோணத்தைச் சரி பாருங்க.

'சர்ர்ர்'னு திருப்பத்துலயும் பள்ளத்துலயும் வருதா? கூடவே ரப்பர் வாசனையா? டயர் மட்கார்டுல உரசுது. உள்பக்கம் சாக்பீஸ் பூசி ஓட்டிட்டு வந்து பாருங்க, எங்கே அழிஞ்சிருக்குன்னு.

'டங்'. நம்ம நாமக்கல் நண்பர்களோட முதல் சத்தம். இதுக்கு ஒரு உருண்டை களிமண் போதும். பம்ப் ஸ்டாப்போட நுனியில கொஞ்சம் ஒட்டி வைங்க. ஆட்களை ஏத்தி, பிரச்னை பண்ற ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஒரு தடவை ஏறி இறங்குங்க. வந்து பாருங்க. களிமண் சப்பையா ஒட்டிக்கிட்டிருந்தா வழக்கு முடிஞ்சது. தட்டுறது ஆக்ஸில். இதுக்கு எந்தப் புது புஷ்ஷும் மருந்து கிடையாது. இடம் இல்லாததுதான் வியாதி.

அப்போ அந்த 7,000 ரூபா? புதுசா போட்ட ஷாக் அப்சார்பர், பழைய உயரத்துக்குச் செஞ்ச அதே நீளம். வண்டி 2 இன்ச் இறங்கினதால அதுவும் பாதி அமுங்கின நிலையிலதான் நிக்குது. பம்ப் ஸ்டாப் முட்டுறதுக்கு முன்னாடியே அது உள்ளுக்குள்ள அடிவாங்கினா, சில மாசத்துல ஆயில் கசிஞ்சு அதுவும் போகும். ஒரு பக்க ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழட்டி, கையால அமுக்கி, முழுசா சுருங்கின நீளத்தை அளந்து பாருங்க. ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போது மேல் மவுன்ட்டுக்கும் கீழ் மவுன்ட்டுக்கும் இருக்கிற தூரத்தைவிட அது குறைவா இருக்கணும். இல்லைன்னா இன்னொரு 7,000 தயாரா வெச்சுக்குங்க. (இந்தப் பரிசோதனை பிளேட் வண்டிக்கு மட்டும்தான். இன்னோவா மாதிரி பின்னாடி சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில ஷாக்கைக் கழட்டினா ஆக்ஸில் தொங்கி, வெட்டின ஸ்பிரிங் இடத்தை விட்டே நழுவலாம். அதை பட்டறையில விட்டுடுங்க.)

பைசா செலவில்லாத ஒரு வைத்தியம்

புஷ் மாத்தச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நிமிஷம் பொறுங்க. ரப்பர் புஷ்ஷுங்கிறது சுத்துறதுக்காக செஞ்சது இல்ல, முறுங்குறதுக்காக செஞ்சது. போல்ட்டை இறுக்கும்போது வண்டி எந்த உயரத்துல இருக்கோ, அதுதான் அந்த ரப்பருக்கு 'ஓய்வு நிலை'. வண்டியை ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிட்டு கீழே இறக்கினா, சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுங்கிக்கிட்டே இருக்கும். கழுத்தைத் திருப்பி வெச்சுக்கிட்டே தூங்கற மாதிரி! கிரீச்சுங்கும், கிழியும், அப்புறம் 'கடக்'.

ஆகவே, ஸ்பிரிங் முனை, ஷாக்கிள், ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளை, வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கும்போது கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. கழட்ட வேண்டாம், லூஸ் மட்டும். பின்பக்கத்தை நாலு தடவை ஆட்டி விடுங்க. ரப்பர் தன் இடத்துக்கு வந்துடும். அப்படியே மறுபடி இறுக்குங்க. புஷ் கிழியாம இருந்தா இதுலயே சத்தம் போக நிறைய வாய்ப்பு இருக்கு. கிழிஞ்சிருந்தா மட்டும் மாத்துங்க. மாத்தினாலும் இதே மாதிரி தரையில வெச்சு இறுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா புதுசும் கிழியும்.

இப்போ அந்த 'டக்'குக்கு வருவோம்

ஃபர்ஸ்ட் கியர், கிளட்சை விடும்போது 'டக்'. சின்ன சத்தம்தான். ஆனா எனக்குத் தூக்கம் போனது இதுலதான்.

பிளேட் கட்டையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது யு போல்ட். பக்கத்துக்கு ரெண்டு. கட்டுக்கு நடுவுல ஒரு சென்டர் போல்ட் இருக்கும். அதோட தலை ஆக்ஸில்ல இருக்கிற குழியில உட்காரும். சென்டர் போல்ட்டோட வேலை ஆக்ஸில் எங்கே உட்காரணும்னு இடம் காட்டுறது மட்டும். வண்டி இழுக்குற இழுப்பையும் பிரேக் பிடிக்கிற பிடியையும் தாங்குறது யு போல்ட்டோட இறுக்கம்தான்.

இப்போ யோசிங்க. ஒரு பிளேட்டை உருவியாச்சு. 7 மி.மீ. தடிமன்னு வெச்சுக்கலாம். கட்டு 7 மி.மீ. மெலிஞ்சுடுச்சு. ஆனா யு போல்ட் பழசு. நட்டு இன்னும் 7 மி.மீ. மேலே ஏறினாத்தான் இறுகும். அவ்வளவு தூரம் மேலே மரை இருக்கா? இல்லைன்னா, மரை முடியுற இடத்துல நட்டு போய் முட்டி நின்னுக்கும். ஸ்பேனருக்கு 'செம டைட்டு'ன்னு தெரியும். நாலு பேர் தொங்கினாலும் நகராது. ஆனா இறுக்குறது பிளேட்டை இல்ல, தன் சொந்த மரையை! கட்டு உள்ளே சும்மா ஆடிக்கிட்டிருக்கும்.

அந்த ஆட்டத்துல ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும், ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கும்போதும், இடிபடுறது சென்டர் போல்ட். ஒரு நாள் அது அறுந்தா, ஒரு பக்க ஆக்ஸில் பின்னாலோ முன்னாலோ நகரும். வண்டி நேரா போகாம நண்டு மாதிரி சாய்வா போகும். சமதளத்துல ஓரங்கட்டலாம். மலையில, எதிர்ல பஸ் வரும்போது?

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல, சந்தேகத்தைப் பிரிச்சுடலாம். 'டக்' வர்றதுக்கு ரெண்டு பேர் காரணமா இருக்கலாம். தேய்ஞ்ச கிராஸ் ஜாயின்ட், இல்லைன்னா ஆடுற ஆக்ஸில். காலி மைதானத்துல நடக்கிற வேகத்துல போங்க. கிளட்சை முழுசா மிதிச்சுக்கிட்டு பிரேக் போடுங்க. அதே மாதிரி ரிவர்ஸ்ல வந்து போடுங்க. கிளட்ச் மிதிச்சிருக்கும்போது என்ஜின் இழுப்பு புரொப்பெல்லருக்குப் போகாது. அப்பவும் 'டக்' வந்தா கிராஸ் மேல பழியைப் போட முடியாது. ஆக்ஸில், பிளேட், புஷ் பக்கம் பாருங்க. (டிரம் பிரேக்குல ஷூ நகர்ற சத்தமும் இப்படி வரலாம். அதனால டிரம்மையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.) பிரேக்குல வராம, கிளட்ச் விடும்போது மட்டும் வந்தா, வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, என்ஜினை ஆஃப் பண்ணிட்டு, புரொப்பெல்லரைக் கையால முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்க. கிராஸ்ல ஆட்டம் இருந்தா கண்ணுக்கே தெரியும். கிராஸ் நல்லா இருந்தா, மறுபடி யு போல்ட் மேலதான் சந்தேகம்.

அடுத்தது யு போல்ட். ஒண்ணு, நட்டுக்கு மேலே மரை பாக்கி இருக்கான்னு பாருங்க. நட்டு மரையோட எல்லையிலயே உட்கார்ந்து, கீழே மட்டும் நீளமா வால் நீட்டிக்கிட்டிருந்தா சந்தேகமே வேண்டாம். ரெண்டு, சின்ன சுத்தியலால யு போல்ட்டைத் தட்டுங்க. இறுகினது 'டிங்'குனு கணீர்னு பேசும். இறுகாதது 'தொப்'னு முணுமுணுக்கும். லாரி பட்டறை அண்ணன்கள் டீ குடிச்சுக்கிட்டே இதைச் செய்வாங்க, பாருங்க. மூணு, பிளேட் மேலயும் அதை ஒட்டின ஆக்ஸில் பட்டை மேலயும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுங்க. மெதுவா பக்கத்துத் தெரு வரை போயிட்டு வாங்க. கோடு உடைஞ்சிருந்தா நகருதுன்னு அர்த்தம். நாலு, டேப் எடுத்து, ஸ்பிரிங்கோட முன் கண் போல்ட்டிலேர்ந்து ஆக்ஸில் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. சமமா இருக்கணும். அரை சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா வண்டியை ஓட்டாதீங்க, பட்டறை ஆளை வண்டிகிட்டக் கூட்டிட்டு வாங்க.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். கட்டோட தடிமனுக்கேத்த புது யு போல்ட், புது நட்டு, புது சென்டர் போல்ட். பழசை வெல்டு வெச்சு ஒட்டறது, நடுவுல நாலு வாஷர் திணிக்கிறது எல்லாம் ஆகாது. சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டார்க் ரென்ச்சால இறுக்கி, 100 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை, 500 கி.மீ. ஓடினதும் ஒரு தடவை மறுபடி இறுக்கணும். லாரி கட்டுற ஊர்ல இருக்கீங்க. நாமக்கல்ல பிளேட் பட்டறைக்கா பஞ்சம்?

சத்தமே போடாத வில்லன்

இன்னொருத்தன் இருக்கான். இவன் 'டங்'கும் சொல்ல மாட்டான், 'டக்'கும் சொல்ல மாட்டான். பல யூட்டிலிட்டி வண்டிகள்ல பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ மாட்டி, ஒரு வால்வோட இணைச்சிருப்பாங்க. வண்டியில எவ்வளவு பாரம்னு பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பணும்னு முடிவு பண்ற வால்வு அது. அதுக்கு எப்படித் தெரியும் பாரம்? பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்த்துத்தான்!

நீங்க 2 இன்ச் இறக்கினதும் அது என்ன நினைக்கும்? 'ஆஹா, ஃபுல் லோடு'ன்னு. காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கான பின் பிரேக்கை அள்ளி விடும். மழை ரோட்டுல சடன் பிரேக் அடிச்சா பின் சக்கரம் ரெண்டும் முதல்ல பூட்டிக்கும். பின்பக்கம் முன்பக்கத்தை ஓவர்டேக் பண்ணப் பார்க்கும். அதனால அந்த இணைப்பு உங்க வண்டியில இருக்கான்னு பார்த்து, இருந்தா புது உயரத்துக்கு மேனுவல்படி செட் பண்ணச் சொல்லுங்க. கூடவே, பின் பிரேக் ஹோஸ் எங்கேயாவது உரசுதான்னும் பார்த்துடுங்க.

தீர்ப்பு

நாமக்கல் நண்பர்களே, நீங்க கேட்டது 'சத்தத்தை நிறுத்த ஐடியா'. என் பதில்: சத்தத்தை நிறுத்தாதீங்க, வண்டியை நிறுத்துங்க. யு போல்ட் பரிசோதனை முடியுற வரைக்கும் காலேஜுக்குக்கூட அதுல போக வேண்டாம்.

கொல்லிமலை ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒவ்வொரு வளைவுலயும் ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச், 'டக்'. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் பிரேக். சென்டர் போல்ட்டுக்கு அதைவிடக் கொடுமையான பரீட்சை கிடையாது. அதுவும் எட்டு பேரோட, ரப்பர் கட்டை மேல உட்கார்ந்துக்கிட்டு.

இன்னொரு யோசனை. உருவின பிளேட்டை என்ன பண்ணீங்க? ரூம்ல கட்டிலுக்கு அடியிலதானே கிடக்கு? எடுத்து மாட்டிடுங்க. வளைவையும் பழைய அளவுக்குக் கொண்டு வாங்க. முன்பக்கத்தையும் பழைய உயரத்துக்கு ஏத்திடுங்க. 'டங்' போகும், 'டக்' போகும் (புது யு போல்ட்டோடதான்!), ஷாக் அப்சார்பரும் பிழைக்கும். சட்டமும் உங்க பக்கம் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். குவாலிஸ் விற்பனை 2005லயே நின்னுடுச்சு. அதாவது உங்க வண்டி 15 வருஷம் தாண்டினது. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனா, அங்கே பார்க்கிறவர் முதல்ல பார்க்கிறதே வண்டி நிக்கிற நிலையைத்தான்.

'அப்போ எங்க கெத்து?'ன்னு கேட்குறீங்களா? இருபது வருஷப் பழைய வண்டியை ஒரு சின்ன சத்தம்கூட இல்லாம, எட்டு பேரை ஏத்திக்கிட்டு மலை ஏத்தி இறக்கிக் காட்டுங்க. கூடவே, 'எங்க வண்டியில எங்கே எந்த போல்ட் எவ்வளவு இறுக்கம்'னு நீங்க நாலு பேரும் சொல்லுங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு அதைவிடப் பெரிய கெத்து எது பாஸ்?

பரிசோதனை பண்ணிட்டு ரிசல்ட்டை எழுதிப் போடுங்க. களிமண் சப்பையாச்சா, பெயின்ட் கோடு உடைஞ்சுதா, டேப் அளவு என்ன சொல்லுச்சு, எல்லாம் வேணும். மத்தவங்களும் உங்க வண்டியோட சத்தத்தை எழுத்துல எழுதி அனுப்புங்க. 'டொய்ங்', 'கடமுட', 'ஙொய்', எதுவா இருந்தாலும் சரி. ஆனா தயவுசெஞ்சு, முக்கியமான சத்தத்தைப் பின்குறிப்புல எழுதாதீங்க!